நாடா கடிபட்ட இடம்

பக்கத்து வயலில் தண்ணீர் மெசின் மண்ணெண்ணெய்ப் புகை விடும்போதெல்லாம், ஒட்டுசுட்டானில் இருந்த வீடியோக் கொட்டகைக்குள், கிடுகு ஓலை இடுக்குகளில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கிய சனிக்கிழமைப் பகலுக்குள், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலால் எல்லாரும் நெருக்கியிருந்து கத்திச் சிரித்த அந்தப் பாய்க்குப் போய்விடுகிறேன். கல்லூரிக் குறும்புப் படம் ஒன்றையே மாதக்கணக்கில் போட்டார்கள். பிந்தி வரும் மாணவனை கல்லூரி அதிபர் மறிக்கும் இடத்தில் வீடியோ டெக் கசற் நாடாவைக் கடித்திருந்ததால், திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும். உடனே அயல்வீட்டுப் பவளக்கா எழும்பி, விடுபட்டதை நடித்துக் காட்டுவா.

"சேர், நான் நேரத்துக்கு வந்திட்டன். என்ர நித்திரைதான் இன்னும் பஸ்ஸில வருகுது!"

கொட்டகையும் போய், பவளக்காவும் போய்ச் சேர்ந்த பிறகும், பிந்தி வருகிற எங்கள் எல்லாருடைய வாயிலும் அந்த வசனம் இருந்தது. போன கிழமை மகன் அதே படத்தைப் போனில் தேடிப் பிடித்தான். நாடா கடிபடாத அந்தப் படத்தில், மாணவன் ஒன்றுமே பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"அப்ப அந்த வசனம் எந்தப் படத்தில அம்மா?"

"அது பவளக்கா படம்."