என் மகள் பிடுங்கித் தின்ற தயிர் சாதம்

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். மேற்குத் தாம்பரத்தில் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. பெருமாளை நம்புகிற பெரியவர்கள் படிக்கும் இடத்தில் என் வீட்டுக் கதையைக் கொண்டுவந்து வைப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் மனைவி கலாதான், "பேசத்தான் வராது, எழுதியாவது சொல்லுங்க" என்றாள்.

எங்களுக்குப் பல வருடம் பிள்ளை இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயதில் ரங்கநாயகி பிறந்தாள். ரங்கு என்று கூப்பிடுவோம். கலா நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. காலையில் வேனில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பகல் முழுக்க ரங்கு என் பொறுப்பு. தையல் மெஷின் பக்கத்தில் பாய் விரித்துப் போட்டுக்கொள்வேன்.

தாய்ப்பாலைத் தவிர அவள் எதையும் விழுங்கவில்லை. கேழ்வரகுக் கூழ், பருப்பு விட்டு மசித்த சோறு, வேகவைத்த ஆப்பிள், டப்பாவில் விற்கிற மாவு எல்லாம் செய்து பார்த்தேன். ஸ்பூன் கிட்டே வந்ததும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். எப்படியோ உள்ளே போனது நாக்கோடு வெளியே வந்துவிடும். கலா எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலையும் பாலாடைச் சங்கில் கொஞ்சம்தான் குடிப்பாள். வாசலில் வேன் சத்தம் கேட்கும்வரை பசியில் அழுதுகொண்டிருப்பாள். நான் பக்கத்தில் கூழ்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

ரவிக்கை கொடுக்க வருகிற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் போனில் வீடியோ காட்டினார். இன்னொருவர், "குடுங்கண்ணா, நான் ஊட்றேன்" என்று வாங்கி ஊட்டிப் பார்த்து, தன் புடவையில் கூழ் சிந்தியதும், "ஆம்பள கை முரடா இருக்கும், அதான் புள்ள மெரளுது" என்றார். புதிதாக வந்த ஒரு அம்மா, "பேத்தியா சார்?" என்று கேட்டார். "பொண்ணு" என்றேன். "ஓ" என்றவர் உடனே ரவிக்கையின் கை நீளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

முதல் சோறு ஊட்டுகிற சடங்கை வீட்டிலேயே வைத்தோம். பட்டுப் பாவாடை நானே தைத்தது. வாயில் வைத்த சர்க்கரைப் பொங்கலை ரங்கு அந்தப் பாவாடையிலேயே துப்பினாள். பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "பாத்தியாடா, அன்னமே வேணாங்குது. தங்குறதுக்கு வந்த புள்ளயாவே தெரியல. வயசு போன காலத்துல பெத்தா இப்டித்தான்."

நான் குனிந்து பாவாடையில் ஒட்டிய பொங்கலைத் துடைத்தேன். 

அன்று சாயங்காலம் விளக்கின் முன்னால் வேண்டிக்கொண்டேன். என் மகள் சோறு தின்னும் வரைக்கும் பகலில் நானும் ஒரு பருக்கை தொடமாட்டேன், குழந்தை தூங்கிய பிறகு ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று வளர்ந்தவன் நான். கலாவுக்கு மட்டும் தெரியும். நான் பட்டினி கிடக்கும்போது என் முன்னால் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. வேலை நாளில் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவாள். லீவு நாளில் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நின்றபடி விழுங்கிவிட்டு வருவாள்.

வாரங்கள் போயின. ரங்குவின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. எனக்கும் பேன்ட் தளர்ந்தது. குழந்தை டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அடுத்த தடவையும் வெயிட் ஏறலன்னா அட்மிட் பண்ணணும் சார். மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஃபீட் பண்ணணும்." பிறகு கேட்டார்: "வீட்ல நீங்க சாப்பிடும்போது இவளப் பக்கத்துல உக்கார வைக்கிறீங்களா?"

"வைக்கிறோம் டாக்டர்" என்றேன். விரதத்தைச் சொல்லக் கூடாது. சொல்ல எனக்கு வாயும் வராது.

"தட்டுல கை வைக்க வராளா?"

"இல்ல டாக்டர்."

கலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை. புரட்டாசி மாதம். ரயிலில் குரோம்பேட்டை போய், ஷேர் ஆட்டோ பிடித்துத் திருநீர்மலைக்குப் போனோம். ரங்குவைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது. நல்ல கூட்டம். சன்னதியில் நிற்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். பெருமாள் அங்கே சயனத்தில் இருக்கிறார். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மனதுக்குள் சொன்னேன்: 'நீ படுத்துக்கிட்டே இரு. என் பொண்ணு காய்ஞ்சு போறா. நான் பட்டினி கிடக்கிறேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?' வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ள, வெளியே வந்துவிட்டோம்.

நிழலில் உட்கார்ந்தோம். ரங்கு என் மடியில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு குடும்பம் தூக்குவாளியில் தயிர் சாதம் கொண்டுவந்து தொன்னையில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார்.

"இந்தாங்கண்ணா."

"வேணாம்மா" என்றேன்.

"பெருமாளுக்குக் காட்டினதுண்ணா. அவர் எடத்துக்கே வந்து அவர் சோத்த வேணாம்ன்றீங்க?"

அவர் கணவர், "விடேன், டயட்ல இருப்பாரு" என்றார்.

கலா சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். தொன்னை என் கையில் வந்துவிட்டது. விரதத்தை முறிக்கக் கூடாது. பிரசாதத்தை ஒதுக்கவும் கூடாது. இரண்டும் சிறு வயதிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பசி தாங்கவில்லை. சாப்பிட ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல், வேகமாக.

ரங்கு அழுகையை நிறுத்திவிட்டாள். என் கையைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். நான் மெல்லுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாய் எடுத்தபோது என் விரலைப் பிடித்து இழுத்துத் தன் வாய்க்குள் விட்டுக்கொண்டாள். சப்பினாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு மறுபடியும் தொன்னைக்குள் கையை விட்டாள். நான் நிறுத்தினால் கத்தினாள்.

"நிறுத்தாதீங்க, நீங்களும் சாப்பிடுங்க" என்றாள் கலா. அவள் முகமெல்லாம் கண்ணீர்.

அடுத்த தடவை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடுறதுன்னா என்னன்னு இத்தனை வாரமா அவளுக்கு வீட்ல யாருமே காட்டலையே சார்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. எடை அன்று பெரிதாக ஏறவில்லை. ஆனாலும், "தின்ன ஆரம்பிச்சுட்டாள்ல, டியூப் வேணாம், பாப்போம்" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அக்கா போனில், "நான் மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன், அதான் சாமி கேட்டுச்சு" என்றாள். தங்காது என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேத்தியா என்று கேட்ட அம்மா ரவிக்கையை வாங்கிக்கொண்டு போனபோது குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நானும் இதையெல்லாம் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று கோயில் விஷயத்தில் பொய் எழுதக் கூடாது. ரங்கு பசியோடு கிடந்த அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

ஆனால் என் வேண்டுதலுக்குப் பதில் வந்தது. நான் பட்டினியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொள்ளாமல் என் கையில் சோற்றைக் கொடுத்து அனுப்பினார். இப்போது நான் எந்த விரதமும் இருப்பதில்லை. மூன்று வேளையும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன், சாப்பிடும் முன் அவர் பேரைச் சொல்கிறேன். பிள்ளைக்காக வயிற்றைக் காயப் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே அவர் முன்னால் போய் நில்லுங்கள். அவர் கேட்டுக்கொள்வார். டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். ரங்கு கால் இட்லி தின்றாள். கொஞ்சத்தை என் சட்டையில் தேய்த்தாள். பிறகு நான் இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன்.