தூறல்னா என்னக்கா?

இன்று காலை கம்பெனி பஸ் சூளகிரியைத் தாண்டும்போது, பக்கத்து சீட் மஞ்சுநாத் மொபைலை நீட்டினான்.

"மழை வந்தா மாடியில மணி அடிக்கும்க்கா. நானே எழுதின புரோகிராம்."

பார்த்தேன். ஆன்லைன் குழுவில் எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நான் எழுதிப் போட்டது. என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள் என்று கேட்டிருந்தேன். முதல் வரியில் அதற்குப் பதில் அவன் பெயர் இருந்தது.

சுள்ளென்று கோபம் வந்தது. அதற்குள் அவனே கேட்டான்.

"இதுல தூறல்னு வருதே, என்னக்கா அது? அதை எடுத்தா ஓடவே மாட்டேங்குது."

வீட்டில் கன்னடம் பேசுகிறவன். நான் ஜன்னலைக் காட்டினேன். கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர் இறங்கியது. தூரத்து மலை பாதி கரைந்திருந்தது.

"இதான். அந்த புரோகிராம்ல நான் வெச்ச பேரு."

ஓசூர் வரை இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

இறங்கும்போது முதல் வரியைத் திருத்திக் காட்டினான்: "நன்றி: தூறல் அக்கா."

அக்கா என்று மட்டுமே கூப்பிடுகிறவனிடம் என் பெயரைச் சொல்லட்டுமா, இப்படியே இருந்துவிடட்டுமா?