மாடியில் ஆடினார்கள், ஊசி குதித்தது!

போன சனிக்கிழமை என் வீட்டு ஹாலில், சுற்றாத ரெக்கார்டு ஒன்று சத்தம் போட்டது.

ஆமாம், சுற்றாத ரெக்கார்டுதான். மோட்டார் ஆஃப். தட்டு துளிக்கூட அசையவில்லை. ஊசி மட்டும் ரெக்கார்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து 'ஊம்ம்ம்...' என்று ஒரு முனகல் கிளம்பி, ஏறி, அலறலாகிவிட்டது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவன் நான். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தேன்.

சத்தம் கூடப் பரவாயில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்ததே... அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆனதும் சிலர் காசிக்குப் போகிறார்கள். நான் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். எங்கள் ஃபிளாட் மயிலாப்பூரில், முதல் மாடி. தி.நகரில் ஒரு தச்சரிடம் சொல்லி நீளமாக ஒரு தேக்குப் பலகை அடித்து, சுவரில் மாட்டினேன். நடுவில் பிளேயர், இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர். பார்க்க அவ்வளவு லட்சணம்! வந்தவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில் ரேவதி வாடகைக்கு இருக்கிறார். பரதநாட்டியம் சொல்லித் தருபவர். செவ்வாய், வியாழன், சனி... மாலை ஐந்தரைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வரும். 'தையா தை' ஆரம்பித்தால் என் கூரையில் திம் திம் என்று கேட்கும். எனக்கும் அப்போதுதான் பாட்டு கேட்கிற நேரம். என்ன செய்வேன்? வால்யூமை ஏற்றுவேன்.

உடனே ஸ்பீக்கரில் ஒரு முனகல். அடுத்து ஊசி குதிக்கும். பல்லவியில் நிம்மதியாக இருந்த பாகவதர் நேராகச் சரணத்தில் போய் விழுவார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மாடி ஏறி, "டீச்சர், இப்படி ஆகிறது" என்று சொல்லியிருப்பீர்களா? சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன். ஃபிளாட்டில் யார் இப்போது கதவைத் தட்டிப் பேசுகிறார்கள்? வாட்ஸ்அப் குரூப் எதற்கு இருக்கிறது? போதாததற்கு, நான் அசோசியேஷன் செக்ரட்டரி வேறு.

'அன்பார்ந்த உறுப்பினர்களே' என்று ஆரம்பித்து ஒரு நீளமான புகார் போட்டேன். ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட என் ரெக்கார்டைக் கேட்டதில்லை. அதன்பின் வாரம் மூன்று தடவை 'இன்றும் ஊசி குதித்தது' என்று தவறாமல் பதிவு. இரண்டு மாதம் விடவில்லை நான்.

ஒருநாள் குரூப்பில் ரேவதியிடமிருந்து ஒரே ஒரு வரி. 'வகுப்பை நிறுத்திவிட்டேன் சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

அதற்கும் கட்டைவிரல் தூக்கினேன். நான்தான்.

"நேர்ல போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்ல?" என்றாள் என் மனைவி.

"அதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

மூன்று வாரம் சொர்க்கம். சத்தம் இல்லாததால் வால்யூம் ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. சின்னதாக வைத்துக் கேட்டேன், ஊசி சமர்த்தாக ஓடியது. போன வெள்ளிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். வீடு காலி, மாடி அமைதி. சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி கேட்போமே என்று வால்யூமைத் திருகினேன்.

ஊம்ம்ம்... குதித்துவிட்டது!

நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். அங்கே யார் ஆடுகிறார்கள்? யாருமே இல்லையே! உடனே ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் சலீம் வந்தார். திருவல்லிக்கேணியில் ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர், பிளேயரை எனக்குச் சரிசெய்து கொடுத்ததும் அவர்தான். உள்ளே நுழைந்தவர் செருப்பைக் கழற்றியபடியே பலகையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது, மிஷினையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில குந்த வச்சிக்கிறீங்க?"

"பார்க்க அழகா இருக்குமேன்னு..."

"அழகாத்தான் கீது. நீங்க பாட்டு கேக்கப் போறீங்களா, ஷோகேஸ் வைக்கப் போறீங்களா?"

மோட்டாரை நிறுத்தினார். நின்ற ரெக்கார்டில் ஊசியை வைத்தார். வால்யூமை ஏற்றிவிட்டுப் பலகையை ஒரு விரலால் லேசாகத் தட்டினார். ஸ்பீக்கரில் டொம் என்று இடி. அந்த இடி அடங்கவில்லை, முனகலாகி ஏறிக்கொண்டே போனது. நான் ஆரம்பத்தில் சொன்ன அலறல் இதுதான்.

"ஊசிக்கு இன்னாத்துக்கு ஆடுறோம்னு தெரியாது சார். ரெக்கார்டு கோடு ஆட்டுனாலும் ஆடும், பலகை ஆட்டுனாலும் ஆடும். ரெண்டையும் பாட்டுன்னு நெனச்சு ஸ்பீக்கருக்கு அனுப்பிடும். ஸ்பீக்கர் பலகைய உலுக்கும், பலகை ஊசிய உலுக்கும். வால்யூம் கம்மின்னா தெரியாது. ஏத்துனீங்கன்னா அவ்ளோதான், குதிச்சிடும்."

பிளேயரைத் திறந்தும் காட்டினார். மோட்டாரின் நடுக்கம் தட்டுக்குப் போகக் கூடாது என்று அதைத் தள்ளி வைத்து, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். சட்டென்று அசையக் கூடாது என்று தட்டுக்கு அத்தனை கனம். தட்டின் மேல் ரப்பர் விரிப்பு, அடியில் நான்கு ரப்பர் கால். இதைச் செய்த மனிதன் பாதி மூளையைத் தட்டு சுற்றுவதற்குச் செலவழித்திருக்கிறான், மீதியை வேறெதுவும் ஆடாமல் இருப்பதற்குச் செலவழித்திருக்கிறான். நானோ செல்ஃபிக்காக இரண்டு பக்கமும் ஸ்பீக்கரை ஒட்டி வைத்திருக்கிறேன்.

"அப்போ மேல டான்ஸ் ஆடினதால இல்லையா?" என்று கேட்டேன்.

"டான்ஸா? இந்த காங்கிரீட்டுல உங்க காதுக்குக் கேக்கும். ஊசி குதிக்கிற அளவுக்கு வராது சார். லேசா வந்தாலும் இந்த ரப்பர் கால் தின்னுடும். ஒரே பலகையில ஸ்பீக்கர் உலுக்குறததான் அதால தாங்க முடியாது."

இடி விழுந்த மாதிரி இருந்தது. ஐந்தரைக்கு ஊசி குதித்தது உண்மைதான். ஏனென்றால் ஐந்தரைக்குத்தான் நான் வால்யூமை ஏற்றினேன்!

சலீம் ஸ்பீக்கர்களை இறக்கி, தனித்தனி ஸ்டூலில் வைத்தார். எவ்வளவு ஏற்றினாலும் ஊசி அசையவில்லை. அவர் கிளம்பியதும் மாடி ஏறினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

ரேவதி கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார்.

"தெரியுமா?"

"நீங்க முதல் மெசேஜ் போட்டதுமே தட்டுக்கழிய எடுத்து உள்ள வெச்சிட்டேன். கையாலதான் தாளம் போட்டேன். அப்புறம் ஜமக்காளத்த மடிச்சுப் போட்டு அதுல ஆட விட்டேன், பிள்ளைங்க வழுக்கி விழுந்தாங்க. கடைசி ரெண்டு வாரம் யாரும் ஆடவே இல்ல சார். உக்காந்து முத்திரைதான் பழகினாங்க. அப்பவும் 'இன்றும் ஊசி குதித்தது'ன்னு போட்டீங்க."

ஆடவே இல்லையா? மாடியில் சத்தம் இருக்கிறதா என்று நான் கவனித்தேனா? வகுப்பு நாளென்றால் ஐந்தரைக்குக் கை தானாக வால்யூமுக்குப் போய்விடும். என் பாட்டுச் சத்தத்தில் மாடியின் அமைதி எப்படிக் கேட்கும்?

"அதை ஏன் குரூப்ல சொல்லல?"

"வாடகைக்கு இருக்கோம். ஓனருக்கு நீங்க ஒரு போன் போட்டா என்ன சார் பண்றது?"

அப்படியெல்லாம் செய்வேனா என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — ஓனர் நம்பரைத் தேடி வைத்திருந்தேன்.

"மறுபடி ஆரம்பிங்கம்மா. நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"யாருக்கு சார்? எட்டுப் பேரை அடையாறுல வேற டீச்சர்கிட்ட நானே சேத்துவிட்டேன். நடுவுல விட்டா கால் மறந்துடும். மிச்சம் நாலு பேருக்கு அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போக ஆளில்ல, நிறுத்திட்டாங்க. அவங்கள கேட்டுப் பாக்கறேன்."

அன்று மாலையே குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். கட்டைவிரல் தூக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரேவதி, இன்னொருவர் என் மனைவி.

அந்த நாலு பிள்ளைகள் வருவார்களா என்று இதை எழுதும்வரை தெரியாது.

ரெக்கார்டு இப்போது அற்புதமாகப் பாடுகிறது. எனக்குத்தான் உட்கார்ந்து கேட்க வெட்கமாக இருக்கிறது.