ஆறுதலாக வரச் சொன்னார்கள், அழுதுகொண்டு போனேன்

மலேரியாக் காய்ச்சல் எங்கள் பக்கத்தைப் புரட்டி எடுத்துவிட்டுப் போய் ஓரிரண்டு வருஷம் இருக்கும். தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, கண்டிக்கு அடுத்த கட்டுகஸ்தோட்டையில் நடந்தது இது.

அப்போதே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. டவுனில் சின்னதாக ஒரு புடவைக் கடை. கிரிக்கெட் ஆடுகிற உடம்பு இல்லை; ஓடினால் வயிறு முன்னால் போகும், நான் பின்னால் வருவேன். ஆனாலும் எங்கள் டீம் எங்கே ஆடினாலும் எல்லைக்கோட்டில் குடையோடு உட்கார்ந்திருக்கிற ஆள் நான்தான். ஆபீஸ் கிளாக்கர்மாரும் கடைக்காரரும் சேர்ந்த டீம். வத்தேகமவில் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர்மார் டீம் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் அவர்களிடம் உதை வாங்குவதுதான் எங்கள் டீமின் முக்கிய வேலை.

ஆனால் தை மாசம் வந்துவிட்டால் என் புத்தி மாறிவிடும். பிட்சில் விரிக்கும் தென்னந்தும்புப் பாயை உதறி விரித்து, பழைய மட்டைக்கு எண்ணெய் பூசி, பயிற்சி தொடங்கப் போகிறது என்றதும் போன வருஷம் தோற்றதெல்லாம் மறந்துபோகும். "இந்த வருஷம் பாருங்க" என்று சேலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்களும், புதுசாக ஏதோ டிசைன் வரப்போகிறது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் என் பைத்தியத்துக்கு நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டர் மாற்றலாகி வந்திருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூறலில் எங்கள் கேப்டன் அவரைக் கிரவுண்டுக்கு அழைத்து வந்து ஒரு பந்து போடச் சொன்னார். போட்டார். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் நாணல் புதரில் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு முன் எங்கள் பந்துவீச்சாளர் போடுகிற பந்து வந்து சேருவதற்குள் மட்டைக்காரர் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். மாஸ்டர் மழையில் நனைந்துகொண்டே போட்டார், நடுநடுவே நின்று இருமினார், மறுபடி போட்டார். நாங்கள் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று குழந்தைகள் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் மத்தியானம் முதல் பயிற்சி. எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, மாஸ்டரை நானே கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன். ஒரு சரிவில் ஏறிப் போக வேண்டும். மூச்சு வாங்க வாசலில் நின்று கூப்பிட்டால், முன்பின் பார்த்திராத ஒரு அம்மா வெளியே வந்தார். மாஸ்டரின் அக்காவாம், தம்பிக்குச் சமைத்துப் போட ஊரிலிருந்து அந்த வாரம்தான் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் எவ்வளவு சொன்னனான், கேட்டால்தானே! விடியவே போயிட்டான். நீங்கள் அந்தரப்படாம ஆறுதலா வாங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அப்படியே நின்றேன். விடியவே போயிட்டான். ஆறுதலா வாங்கோ. நேற்று நனைந்தது, அந்த இருமல், இந்தக் கண்ணீர். காய்ச்சலில் ராத்திரி நன்றாயிருந்தவர் காலையில் இல்லை என்ற செய்தியைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருந்த காலம் அது. எனக்குச் சந்தேகம் என்று ஒன்று வரவே இல்லை. ஆனால் முதலில் என் மண்டைக்குள் ஓடியது என்ன தெரியுமா? 'ஐயையோ, இனிமே பந்து யார் போடுவாங்க?' அதற்குப் பிறகுதான் 'அடப் பாவமே, நல்ல மனுஷன்' என்பது வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான், ஆனாலும் இருந்தது.

குடையை அவர்கள் வாசலிலேயே போட்டுவிட்டுக் கிரவுண்டுக்கு ஓடினேன். கேப்டன் தும்புப் பாய்க்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கச்சேரியில், அதாவது அரசாங்க ஆபீஸில், கிளாக்கர்; வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர்; எதற்கும் பதறாதவர். பக்கத்தில் எங்கள் கீப்பர், மடவளை நானா. சொந்தமாக பஸ் வைத்திருப்பவர்.

"மாஸ்டர் போயிட்டாருங்க" என்றேன்.

"எங்க போனாரு?" என்றார் கேப்டன்.

நான் வானத்தைக் காட்டினேன்.

நானா கையுறையைக் கழற்றிக் கீழே போட்டார். "அல்லாவே! மௌத்தாப் போய்ட்டாரா? நேத்து அஸர் நேரத்துக்குப் பொறகு என்ட கையில பந்தால அடிச்சாரே மனுசன், இன்னும் வீங்கி இருக்கே!"

"காலையில விடியிறப்போ. அக்கா அழுதுகிட்டு நிக்கிறாங்க. ஆறுதல் சொல்ல நம்மளை வரச் சொன்னாங்க."

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனத்தைக் கவனிக்க வேண்டும். அந்த அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தால், கச்சேரியில் யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்கு விளங்கியிருக்கும். நான் அதை என் பாஷைக்கு மாற்றி, கொஞ்சம் துக்கமும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி நின்றது. கேப்டன் வீட்டுக்கு ஓடி, தோட்டத்தில் இருந்த பூவையெல்லாம் பறித்து ஒரு மலர் வளையம் கட்டிக்கொண்டு வந்தார். நான் கடைக்குப் போய் வெள்ளைத் துணி ஒரு பீஸ் எடுத்து வந்தேன். நானா, தங்கள் வழக்கத்தில் பூவும் துணியும் கொண்டுபோகும் பழக்கம் இல்லை, அதனால் பஸ்ஸைக் கொண்டு வருகிறேன் என்றார். டீம் முழுவதும் வெள்ளைக் கால்சட்டையோடு பஸ்ஸில் ஏறிற்று. போகிற வழியெல்லாம் ஒரே குழப்பம். யாழ்ப்பாணத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதா, வளையத்தைக் கால்மாட்டில் வைப்பதா தலைமாட்டில் வைப்பதா, ஆண்கள் சத்தம் போட்டு அழலாமா கூடாதா, ஒருவருக்கும் தெரியவில்லை. நானா மட்டும் "மொதலாளி, நீங்க முன்னால போங்க. நீங்க என்ன செய்றீங்களோ அதையே நாங்களும் செய்றோம்" என்றார். என்னை நம்பி ஒரு கூட்டம் நடந்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

சரிவில் ஏறினோம். வாசலில் பந்தல் இல்லை, பறை இல்லை, ஒரு குஞ்சு குருமான் இல்லை. பாவம், ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு நாதியில்லாமல் கிடக்கிறாரே என்று நினைத்ததும் அழுகை தானாக வந்துவிட்டது. "ஐயோ மாஸ்டர்!" என்று நான் ஆரம்பிக்க, பின்னாலிருந்து டீமும் சேர்ந்துகொண்டது.

அக்கா அகப்பையோடு ஓடி வந்தார். வெள்ளை உடுப்பில் இத்தனை ஆண்கள், ஒரு மலர் வளையம், கையில் துணியோடு கதறுகிற நான். பார்த்தாரே ஒரு பார்வை! அகப்பை கீழே விழுந்தது.

"என்ர ஐயோ, தம்பிக்கு என்ன? பஸ் பிரண்டிட்டுதோ?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கு அவருடைய துக்கம் தாங்கவில்லை. "மனசைத் தேத்திக்கங்கம்மா, நாங்க எல்லாம் இருக்கோம்" என்றேன்.

"எங்க கிடக்கிறான்? ஆசுபத்திரியிலயோ? எனக்குக் காட்டுங்கோ!"

காட்டுவதா? வீட்டுக்குள் இருப்பவரை நாங்கள் எங்கே போய்க் காட்டுவது? அதிர்ச்சியில் அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். "நீங்கதானேம்மா வரச் சொன்னீங்க" என்றேன். "இப்பிடி அழுதுகொண்டு வரச் சொன்னனானோ, பாவி!" என்றார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து ஈர விறகின் புகை மண்டிக்கொண்டு வந்தது. என் கண்ணும் எரிந்தது. அந்தக் கண்ணீர் எந்தக் கண்ணீர் என்று எனக்கு மெல்ல மெல்ல ஒரு பயம் பிடித்தது.

அப்போது பின்னாலிருந்து, "என்ன இஞ்ச சனமாக் கிடக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. கேப்டன் வளையத்தைக் கீழே போட்டார். நானா ஏதோ ஓதினார். தோளில் ஒரு பையோடு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு தோளில் இரண்டு அடி போட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அடுத்துப் பேசியதை நான் எழுதப் போவதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு வளையம் கொண்டு வந்தவர்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கலாம். மாஸ்டர்தான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு முடிச்சை அவிழ்த்தார். அவிழ்ந்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐயா, எங்கட பக்கம் ஆறுதலா எண்டால் மெதுவா எண்டு அர்த்தம். அவசரப்படாமப் பேந்து வாங்கோ எண்டுதான் அக்கா சொன்னவ."

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். "நல்ல துணி மொதலாளி. மாஸ்டருக்குப் பந்து போட ஒரு கால்சட்டை தச்சிருவோம்" என்றார் நானா. சிரிப்பு வெடித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தபோதுதான் கேப்டன், "விடியக்காலையில எங்க மாஸ்டர் போயிருந்தீங்க?" என்று கேட்டார்.

மாஸ்டரின் சிரிப்பு நின்றது. பையைக் கீழே வைத்தார். உள்ளே அவருடைய பூட்ஸ் இருந்தது.

"வத்தேகமைக்கு" என்றார். "தங்கட டீமுக்கு வரச் சொல்லிக் கேட்டவை. ஒருக்காப் பந்து போட்டுப் பார்த்தனான். முடிவு இன்னும் சொல்லேல்ல."

நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். வத்தேகமவுக்குக் காலையில் போகிறது அவருடைய பஸ்தான். டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மரணமும் இருந்திருக்காது, இந்த இடியும் இப்படி விழுந்திருக்காது. இறந்துபோனவர் உயிரோடு வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, வந்தவர் எதிரி டீமுக்குப் போவதற்குத் துக்கப்படுவதா? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஏதோ கோணலாக வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது, மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. நீங்கள் உப்பிடி அழுதது எனக்கோ, என்ர பந்துக்கோ?"

'உங்களுக்குத்தான்' என்று சொல்வது எவ்வளவு சுலபம்! வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கன்னத்தில் ஈரம் காயாமல் நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"தெரியலீங்க மாஸ்டர்" என்றேன். "ரெண்டும் கலந்துதான் வந்துச்சு. மொதல்ல பந்துதான் வந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

"அடப்பாவி மொதலாளி!" என்று நானா முணுமுணுத்தார்.

மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "வத்தேகமையில தேத்தண்ணி தந்து, இருத்தி வைச்சு நல்லாத்தான் கதைச்சவை. எல்லாம் பந்தைப் பற்றித்தான்" என்றார். "நேற்று இஞ்சயும் நான் இருமி இருமித்தான் போட்டனான். என்ன இருமல் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

அவர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போயிற்று. அக்காதான் எங்களைக் காப்பாற்றினார். கீழே கிடந்த அகப்பையை எடுத்துக்கொண்டு, "கேக்காட்டிலும் அழவாவது வந்தவை. இருங்கோ எல்லாரும், சோறு போதாது, தேத்தண்ணி வைக்கிறன். உந்த வளையத்தை மட்டும் முதலில கண் காணாத இடத்தில எறியுங்கோ" என்றார். கேப்டன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய வேகத்தில் அவர் ஒரு நாளும் ரன் எடுத்ததில்லை.

தேத்தண்ணி குடித்து எழுந்தபோது, மாஸ்டர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, "வெளிச்சம் இன்னும் கிடக்கு. பாய் விரிச்சபடிதானே?" என்றார். எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

அந்த வருஷம் வத்தேகமவை வென்றீர்களா என்று கேட்பீர்கள். ஆட்டம் நடுவில் பெருமழை பிடித்துக்கொண்டது. நாங்கள் வென்றதாக நாங்களும், அவர்கள் வென்றதாக அவர்களும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாஸ்டர் அன்று எங்களுக்காக விழுத்திய விக்கெட்டுகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் அவர் குடிக்கக் கொத்தமல்லிக் கஷாயம் போத்தலில் எடுத்துப் போயிருந்தேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு மனிதரையும் அவரால் நமக்கு ஆகிற காரியத்தையும் தனித்தனியாகப் பிரித்து நேசிக்க இந்த வயசிலும் எனக்குக் கைவரவில்லை, ஆனால் யார் வீட்டுப் படியேறினாலும் வந்த காரியத்தைச் சொல்லும் முன் "உடம்பு எப்படி இருக்குங்க?" என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.