ஸ்மில்யாவின் தலைவலி

போன வருடம் ஏப்ரல் மாதத்தில் என் தம்பி ரதோவானுக்கு இதய அறுவை சிகிச்சை செய்தார்கள். அன்றிலிருந்தே, இந்த வருடம் எங்கள் வீட்டில் ஒருவரைக் கொண்டுபோகாமல் விடாது என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மனைவி ஸ்மில்யாவை யாரும் பார்க்கவில்லை.

அவளைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாத்தனாரான எனக்கு அவளைப் பிடிக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே முற்றம், எதிரெதிர் வீடு, இருபது வருடம். அவள் மலைக்காரி. வருடத்தில் ஐந்து மாதம் பனியில் கிடக்கும் ஊரில் ஆடுகளோடு வளர்ந்தவள். நாங்கள் மொராவா ஆற்றங்கரைக்காரர்கள், டவுன்காரர்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தன்றே என் வாயால் அவளுக்கு 'ஆட்டுக்காரி' என்று பேர் விழுந்தது. அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பத்தொன்பது வருடம் மற்றவர்கள் படுத்த விரிப்புகளைத் துவைத்த கை, ஞாயிற்றுக்கிழமைகூட பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும்.

ரதோவான் பஸ் ஓட்டுநர். பெரிய டாக்டர் சொல்லி அனுப்பியது இதுதான்: குளிர்காலத்தை ஒழுங்காகத் தாண்டட்டும், சளி காய்ச்சல் எதுவும் அண்டக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், வசந்தத்தில் இதயம் தேறியிருந்தால் மறுபடி பஸ் ஓட்ட எழுதித் தருகிறேன். ஸ்மில்யா அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காகிதம் வந்தால் வீடு நிற்கும். வராவிட்டால் நாற்பத்தொன்பது வயதில் அவன் அரைகுறை உதவித்தொகையில் உட்கார வேண்டியதுதான், அவர்கள் மகள் தியானாவின் படிப்பும் அதோடு போய்விடும்.

கோடைக்குள்ளேயே கை வறண்டுவிட்டது. பழைய காரை விற்றார்கள். ஆகஸ்டில் வாங்க வேண்டிய விறகை அக்டோபரில் வாங்கினார்கள். வெட்டிப் பத்து நாள்கூட ஆகாத ஈர விறகு, அடுப்பில் போட்டால் முனகும். மாடி அறைகளைப் பூட்டிவிட்டு, அடுப்பு இருந்த கீழறையில் மூன்று கட்டிலையும் போட்டுக்கொண்டார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் குளிர்காலத்தில் ஒற்றை அறையில்தான் வாழ்கிறோம். புகைபோக்கி சுத்தம் செய்கிறவன் கறுப்பு உடுப்போடு வந்து கதவைத் தட்டினான். ரதோவான் அவனை வாசலோடு அனுப்பினான்.

"இந்த வருஷம் வேண்டாம்ப்பா. டாக்டருங்களுக்குக் கொடுத்தது போக எங்ககிட்ட கரிதான் மிச்சம், அதையும் நீ எடுத்துட்டுப் போகாதே."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நவம்பர் தொடக்கத்தில் ஸ்மில்யாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் பட்டை கட்டி இறுக்குவது மாதிரி, என்பாள். காலையில் எழுந்தால் குமட்டல், கால் துவளும். பிறகு தியானாவுக்கும் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது, பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அழுதாள். ரதோவானுக்கு நெஞ்சு படபடத்தது. அவனுடையது இதயம், மகளுடையது பரீட்சை பயம், ஸ்மில்யாவுடையது மாதவிலக்கு நிற்கிற வயது என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து வைத்தோம். மூன்று பேருக்கு மூன்று நோய். மூன்று பேரும் ஒரே அறையில் தூங்குகிறார்கள் என்பது யார் புத்திக்கும் எட்டவில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது, அதை முதலில் கவனித்தவள் நான்தான். சலவைக்கூடத்துக்குப் போய் ஒரு மணி நேரத்தில் ஸ்மில்யாவின் தலைவலி போய்விடும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் திரும்ப வரும். நான் அதை விட்டுவிடுவேனா.

"ஏன்டி, வேலைக்குப் போனா சரியாயிடுது, புருஷனைப் பார்த்தா மண்டையைப் பிடிச்சுக்கறே. அங்க மருந்து யாரு குடுக்கறா? கொஞ்சம் எனக்கும் சொல்லேன்."

"அண்ணி, எனக்கே புரியல. இங்க காத்து கனமா இருக்கு."

"காத்து கனமா இருக்கா? மலையில தராசு வச்சு நிறுத்துத்தான் மூச்சு விடுவீங்களோ?"

அவள் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு சிரிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு மதியம் தம்பிக்குக் கோழி சூப் எடுத்துக்கொண்டு போனேன். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. எதிரே ஜன்னலும் திறந்திருந்தது. ஸ்மில்யா இடுப்பு வரை வெளியே சாய்ந்து, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நடுவில், கட்டிலில், மாத்திரை மயக்கத்தில் என் தம்பி. வெளியே பனி விழுகிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே குறுக்குக் காற்று அவன் மேலேயே போகிறது.

குறுக்குக் காற்று என்றால் எங்களுக்கு என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கழுத்து பிடிப்பது, வாய் கோணுவது, நுரையீரலில் நீர் கோப்பது எல்லாம் அதனால்தான். படித்தவர் படிக்காதவர் வித்தியாசம் இதில் இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸே கதவை இழுத்துச் சாத்துவாள். நெஞ்சைத் திறந்து தைத்தவனைக் குறுக்குக் காற்றில் போட்டுவைத்திருக்கிறாள். சூப்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஜன்னலை அறைந்து சாத்தினேன்.

"அவனைக் கொல்லணும்னா தலையணையை வச்சு அமுக்கேன், சீக்கிரம் முடியும்."

"அஞ்சு நிமிஷம்தான் அண்ணி. அவருக்கும் நல்லதுன்னு தோணுச்சு. மூச்சு முட்டுது."

"உனக்கு முட்டுதுன்னா நீ முத்தத்துல போய் நில்லு. இது ஆட்டுப்பட்டி இல்ல."

மறுநாள் ரதோவான் பரிசோதனைக்குப் போயிருந்தான். அகலமான பழுப்பு ஒட்டு நாடாவும் கம்பளிப் பட்டைகளும் வாங்கிக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளில் கம்பளியைத் திணித்து, மேலே நாடாவை மூன்று சுற்று ஒட்டினேன். கதவின் அடியில் போர்வையைச் சுருட்டிவைத்து ஆணி அடித்தேன். சுவரில் காற்றுக்காக விட்டிருந்த சின்னத் துளையைக்கூட விடவில்லை, பழைய காலுறையைத் திணித்தேன். நான் நாற்காலி மேல் ஏறி நின்றபோது அது ஆடியது. ஸ்மில்யா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தியானா கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ரதோவான் வந்து கையைத் தேய்த்துக்கொண்டான். "இன்னைக்குத்தான் வீடு வீடா இருக்கு. நல்ல வேலை பண்ணியிருக்கே, ஸ்மில்யா."

அவள் என்னைப் பார்த்தாள். ஒட்டியது நான்தான் என்று அவள் சொல்லியிருந்தால் முந்தின நாள் ஜன்னல் கதையையும் சொல்லியாக வேண்டும், அவன் பதறுவான். "குளிர் வந்துடுச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போனாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மோசமானது. தியானா பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள். ஸ்மில்யாவின் தலையை மெஷினுக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள், அவள் ஒரு மாதச் சம்பளம் அதற்கே போயிற்று. படத்தில் ஒன்றுமில்லை. நரம்புத் தளர்ச்சி என்று டாக்டர் மாத்திரை எழுதினார், அது அவளை இன்னும் அதிகம் தூங்கவைத்தது. டிசம்பர் பத்தொன்பது எங்கள் குலப் புனிதர் நிக்கோலாவின் நாள். கடன் வாங்கியாவது பந்தி போட வேண்டிய நாள். அந்த அறைக்குள் பதினான்கு பேர், மீன், பீன்ஸ், சிவக்கச் சிவக்க எரியும் அடுப்பு. சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் கொண்டுவந்த ஒயினில் என்னவோ கலந்திருக்கிறது என்று முடிவு கட்டினோம். அவனோடு அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

பக்கத்துத் தெரு நெவென்கா வந்து, இது பயத்தில் வந்த நோய், ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றினால் அது உறைகிற உருவத்தில் காரணம் தெரியும் என்றாள். அதே அடுப்பில் ஈயத்தை உருக்கி, ஸ்மில்யாவின் தலைக்கு மேல் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து ஊற்றினாள். சீறி உறைந்த ஈயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. வெளியிலேருந்து வரல."

"நாத்தனாரைச் சொல்றியா?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். தியானா சிரிக்கவில்லை.

ஜனவரி கடைசி ஞாயிறு. மூன்று நாளாக ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஊர் மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. எந்த வீட்டுப் புகையும் மேலே போகவில்லை, கூரையோடு வழிந்து முற்றத்தில் தேங்கியது. தியானா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்மில்யா ஈர விறகை அடுப்பு நிறையத் திணித்துவிட்டு, தலை வெடிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றாளாம். ரதோவான் தன் நடையை நடந்துவிட்டுக் காப்பிக்கு என் வீட்டுக்கு வந்தான். டிவியில் பந்தாட்டம் ஓடியது. நான்கு மணிக்கு எழுந்து கோட்டைப் போட்டான்.

"அவளைப் போய்ப் பார்க்கறேன்."

"தூங்கட்டும் விடு," என்றேன். "வாரத்துல ஒரு நாள்தான் அவளுக்கு. ஆட்டம் முடியட்டும்."

அவன் கோட்டோடு மறுபடி உட்கார்ந்தான்.

ஐந்து மணிக்குக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. தியானா கதவைத் திறந்திருக்கிறாள், அம்மாவை எழுப்பியிருக்கிறாள், பிறகு ஜன்னலைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். என் நாடா விடவில்லை. விறகுக் கட்டையால் அடித்து உடைத்திருக்கிறாள். நாங்கள் ஓடிப்போனபோது ஸ்மில்யா பக்கவாட்டில் படுத்திருந்தாள். முகம் வெளுக்கக்கூட இல்லை. கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்ததே இல்லை. நான் அந்தக் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுந்திருடி, எழுந்திருடி என்றேன்.

தீயணைப்புக்காரர்கள் புகைபோக்கியிலிருந்து இரண்டு வாளி கரியும் காக்கைக்கூடும் எடுத்தார்கள். தியானாவின் ரத்தத்திலும் ரதோவானின் ரத்தத்திலும் அடைபட்ட அடுப்பு கக்கிய வாசனையில்லாத விஷவாயு இருந்தது. மாதக்கணக்காக மூன்று பேரும் அதைத்தான் சுவாசித்திருக்கிறார்கள் என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர். தியானாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"வெளியில போனா தலைவலி குறையுமா?"

"ஆமா. அம்மாவுக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் அது தெரியும்."

மூன்று மாதமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த என் வேடிக்கைப் பேச்சு அது.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இவ்வளவு இறுக்கி ஒட்டினது யாரு?"

"என் பொண்டாட்டிதான்," என்றான் ரதோவான். "எனக்குக் குளிர் படக் கூடாதுன்னு. அவ்வளவு பயம் அவளுக்கு என்னைப் பத்தி." சொல்லிவிட்டு உடைந்து அழுதான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

நாற்பதாம் நாள் கல்லறையில் பெண்கள் அதையே சொல்லி அழுதார்கள். புருஷனைக் காப்பாற்றத் தன் கையாலேயே தன்னை அடைத்துக்கொண்டாளே என்றார்கள். ஆட்டுக்காரி என்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள்தான். தியானா இறந்தவள் நினைவாக வேகவைத்த கோதுமைத் தட்டை ஒவ்வொருவரிடமாக நீட்டிக்கொண்டு வந்தாள். நான் கரண்டியில் எடுத்த பிறகும் அவள் தட்டை நகர்த்தவில்லை.

"அப்பாகிட்ட நான் சொல்லல அத்தை. அம்மா திறந்ததையும் சொல்லல, நீங்க ஒட்டினதையும் சொல்லல. நீங்களே சொல்வீங்கன்னு இருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும்.

இப்போது தம்பியும் தியானாவும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான்தான் சமைக்கிறேன், துணி துவைக்கிறேன். தியானா மூன்று வேளையும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள், பேசுவதில்லை. சொல்லத்தான் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம், அவன் இதயம் தாங்காது என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்ச், ஏப்ரல் அப்படியே போனது. நேற்று பெரிய டாக்டர் அவனைச் சோதித்துப் பார்த்தார். இதயம் நன்றாகத் தேறிவிட்டது, எதையும் தாங்கும், திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.