மண்டையோட்டு மேடத்தின் பேத்தி

என் அக்காவைக் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் மண்டையோட்டு மேடம். பிளாஸ்டரில் செய்த மண்டையோடுகளைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாள். ஒருமுறை பை சரிந்து, பக்கத்து சீட்டுக்காரர் அலறியடித்து எழுந்தபோது, "பயப்படாதீங்க சார், இவர் நம்ம தூரத்துச் சொந்தம்" என்றாளாம். அப்படி ஒரு பிறவி. மனித இனம் எப்படி உருவானது என்று முதல் வருடப் பிள்ளைகளுக்கு நடத்துவதுதான் அவளுக்கு வேலை, பொழுதுபோக்கு, எல்லாமே.

அதிலும் தோல் நிறப் பாடம் வந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறாள். அதை ஒவ்வொருவர் மேல்கையின் உட்பக்கத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்து அளப்பாள். பிறகு வெளுப்பிலிருந்து கறுப்பு வரை எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சாக்பீஸை நீட்டி, "எங்க கோடு போடுவீங்க? போடுங்க பாப்போம்" என்பாள். அடுத்தடுத்து நிற்பவர்களுக்குள் வித்தியாசமே தெரியாது, யாராலும் போட முடியாது. நிறத்துக்கு ஒரு ஜீன் இல்லை, ஏகப்பட்ட ஜீன்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. கொளுத்தும் வெயிலில் உடம்பைக் காப்பாற்றியதே கறுப்புத்தான், வெயில் குறைந்த இடங்களுக்குப் போன பிறகுதான் வெளுப்பு பரவியது என்று மூச்சு விடாமல் சொல்லுவாள். பிறந்த குழந்தையின் காது நுனியைத் திருப்பி, பிற்பாடு என்ன நிறம் வரும் என்று பார்க்கிறார்களே, அவர்களை நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைப்பாள்.

ஒரு வருடம் அந்த வரிசையின் கோடியில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அக்கா அவள் தோளைப் பிடித்து, "நீ கடைசி இல்லம்மா. இந்தக் கதையே உன் பக்கத்துலேருந்துதான் ஆரம்பிக்குது" என்றாள். அந்தப் பெண்தான் சில வருடம் கழித்து அக்கா மகனைக் காதலித்து மருமகளாக வந்தாள். "உங்க பையனைப் பாத்தா வந்தேன்? உங்க பாடத்தைக் கேட்டுல்ல வந்தேன் அத்தை" என்று அவள் கிண்டல் செய்தால் போதும், அக்காவுக்குத் தலைகால் புரியாது.

போன மாதம் பேத்தி பிறந்தாள். நானும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். மருமகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்கா குழந்தையை வாங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை, கொஞ்சவில்லை. கட்டைவிரலால் காது மடலை மெல்லத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "பரவாயில்ல" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. மருமகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்! அக்காவை வராந்தாவுக்கு இழுத்து வந்து பிடி பிடி என்று பிடித்தேன்.

"ஏன்க்கா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? ஊருக்கே பாடம் எடுக்கிறவ பண்ற வேலையா இது?"

"கை தானாப் போயிடுச்சுடி. சத்தியமா நான் நெனச்சுகூடப் பாக்கல."

"வாயும் தானாத்தான் போச்சோ?"

அக்கா அவமானத்தில் காதுவரை சூடேறி நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் நேராகத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் கேட்டால், "கொஞ்ச நாள் இங்க இருக்கேன்" என்பதோடு சரி. அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. அந்த வாரம் பார்த்துத்தானா தோல் நிறப் பாடம் வர வேண்டும்? கருவியைக் கையில் எடுத்தவள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று தெரியாமல், தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிமேல் பேத்தியைத் தொடவே விடமாட்டாளோ என்ற பயம் அவளைத் தின்றது. பார்க்கச் சகிக்காமல் நான்தான், "உக்காந்து அழுதா ஆச்சா? கால்ல விழணும்னா விழு, கெளம்பு" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மருமகள்தான் கதவைத் திறந்தாள். கூடத்தில் தொட்டிலில் குழந்தை. அக்கா உட்காரக்கூட இல்லை.

"என்னை மன்னிச்சிரும்மா. நான் பாடம் நடத்தவே லாயக்கில்லாதவ. உனக்கு என் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும்..."

"கோவமா? உங்க மேலயா?" மருமகள் தலையை நிமிர்த்தவே இல்லை. "நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் காதைத் திருப்பிப் பாத்துட்டேன் அத்தை. நர்ஸ் கையில குடுத்ததும் மொத வேலையே அதுதான். பாத்துட்டு, அப்பாடா, என்னை மாதிரி இல்லன்னு நெனச்சேன்." திறந்த கதவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். "பெத்தவளே இப்படி நெனச்சுட்டு, உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் என் அக்கா சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வாள்? அவளும் அதைத்தானே நினைத்தாள். தொட்டிலில் அந்தக் குட்டி முழித்துக்கொண்டு கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்க்க அவர்கள் இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.