குறிகட்டுவானில் பூட்டிக்கொண்ட வான்

ஓய்வு பெற்ற பின் நானும் மனைவியும் இரண்டு நாய்களுடன் வீடுபோல் அமைத்த வான் வண்டியிலேயே ஐரோப்பாவைச் சுற்றி வந்தோம். இவ்வருடம் அவற்றுடன் சொந்த ஊரான புங்குடுதீவுக்கு வந்து, வாடகை வானில் அதே வாழ்க்கையைத் தொடர்ந்தோம். தடுப்பூசிச் சான்றிதழ் முதல் காப்புறுதி வரை எந்த விதியையும் நான் தவறவிடுவதில்லை.

நயினாதீவுக் கோயிலுக்கு நாய்களைக் கொண்டுபோக முடியாது. மனைவி முதலில் போய்வர, நான் காவல் இருப்பதாக ஏற்பாடு. படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் அவரை வழியனுப்ப இறங்கிக் கதவைச் சாத்தினேன். உள்ளே துள்ளிய நாயின் கால் பூட்டும் பொத்தானில் பட்டு, எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. தொலையக்கூடாதென்று நானே பத்திரப்படுத்திய மாற்றுச் சாவியும் உள்ளே.

உச்சி வெயில். சற்று நேரத்தில் நாய்கள் நாக்கைத் தள்ளி நுரை கக்கின. நான் செய்தது, கண்ணாடியை உடைக்க அனுமதி கேட்டு வான்காரருக்குத் தொலைபேசி எடுத்ததுதான்.

படகில் ஏறப்போன மனைவி ஓடி வந்தார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“அனுமதி கேக்கிறன். பொறுக்கச் சொல்லுறாங்கள்.”

“அதை நாயளுக்குச் சொல்லுங்கோ! இந்தாங்கோ, தேங்காயைப் பிடியுங்கோ.”

அர்ச்சனைத் தேங்காயை என்னிடம் திணித்துவிட்டு, கரையில் கிடந்த கல்லால் கண்ணாடியை உடைத்தார். சின்ன நாய் அசையவில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற, கடைசியில் வால் ஆடியது. நான் அந்தத் தேங்காயுடன் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அன்று முதல் மாற்றுச் சாவி என் கழுத்தில் தொங்குகிறது. பிறகு என் முறை வந்து, நயினாதீவுக் கோயிலில் சட்டையைக் கழற்றியபோதும் அதைக் கழற்றவில்லை. என்ன நேர்த்திக்கடனோ என்று ஐயர் பார்த்தார். நேர்த்திதான்.